புலமைப்பரிசிலுக்குப் பிறகு புத்தகமே திறக்காத பிள்ளை: என்ன செய்யலாம்?

முத்தையன்கட்டு அம்மா
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். இவ்வளவு நாளும் இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன். நீளமாகப் போனால் குறை நினைக்காதீர்கள்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் இப்போது ஆறாம் ஆண்டு, இளையவள் இரண்டாம் ஆண்டு. மூத்தவன் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி, சித்தியடையத் தேவையான வெட்டுப்புள்ளிக்கு 6 புள்ளி குறைந்துவிட்டது. முடிவு வந்த நாளிலிருந்து பிள்ளை புத்தகத்தைத் தொடுவதில்லை. பள்ளிக்கூடம் போகிறான், வருகிறான், பையை மூலையில் வைத்தால் அடுத்த நாள் காலையில்தான் எடுக்கிறான். முன்பு நான் அடுப்படியில் நின்றாலும் பின்னால் வந்து நின்று வாய்ப்பாடு சொல்லுகிற பிள்ளை. இப்போது கேட்டால் "எனக்கு மூளை இல்லையம்மா, விடுங்கோ" என்கிறான்.

ரியூசன்காரர் சந்தியில் பெரிய பனர் கட்டினார்கள், சித்தியடைந்த பிள்ளைகளின் படத்தோடு. அந்த பனர் கிழிந்து தொங்குகிறவரைக்கும் இவன் சந்திப் பக்கமே போகவில்லை. வாய்க்கால் கரையால் சுற்றித்தான் பள்ளிக்கூடம் போனான். நான் அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு கிழமை ஆனது.

இன்னொன்று. கனடாவில் இருக்கிற அவனுடைய பெரியப்பா, சித்தியடைந்தால் சைக்கிள் வாங்கித் தருவேன் என்று சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் 3 கிலோமீற்றர், நடந்துதான் போகிறான். முடிவு வந்த பிறகு சைக்கிள் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

என் கணவர் எட்டாம் வகுப்போடு வயலுக்கு இறங்கியவர். நான் சாதாரண தரம் இரண்டு தரம் எழுதியும் கணக்கு வரவில்லை. பாடம் சொல்லிக்கொடுக்க எங்களால் முடியாது. அடித்தும் பார்த்தோம், கெஞ்சியும் பார்த்தோம். வேறு என்ன வழி?


வயல்வெளி
ஞாயிறு, இரவு 10.15

தங்கச்சி, நான் அக்கராயனில் இருக்கிறேன், மூன்று பிள்ளைகள். மனதில் பட்டதைச் சொல்கிறேன். நீங்கள் செல்லம் கொடுத்துவிட்டீர்கள் போலத் தெரிகிறது. எங்கள் காலத்தில் வாத்தியார் அடித்தால் வீட்டுக்கு வந்து சொல்லவே பயம், சொன்னால் ஐயா இன்னும் இரண்டு போடுவார். அப்படித்தான் வளர்ந்தோம். பிள்ளை சோர்ந்து போய்விட்டான் என்று நாங்களும் பின்னால் போய் ஆராத்தினால் அவன் எழும்பவே மாட்டான். போனை எடுத்து வையுங்கள், ஆறு மணிக்கு மேசையில் இருத்துங்கள், எட்டு மணிவரை எழும்ப விடாதீர்கள். ஒரு மாதத்தில் வழிக்கு வருவான்.

ஐந்தாம் ஆண்டு போனால் போனதுதான் என்பதையும் மறைக்கக் கூடாது. நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குள் போக எங்களைப் போன்ற ஆட்களுக்கு அந்த ஒரு வாசல்தானே இருக்கிறது?


ஆரம்பப்பிரிவு ரீச்சர்
திங்கள், பிற்பகல் 3.20

துணுக்காய்ப் பக்கம் 24 வருடமாகப் படிப்பிக்கிறேன். அதில் பாதி ஐந்தாம் ஆண்டு வகுப்பு. அந்தத் தம்பியைப் போல ஒவ்வொரு வருடமும் குறைந்தது நாலு பிள்ளைகளைப் பார்க்கிறேன். படிக்க முடியாத பிள்ளைகள் இல்லை. வகுப்பில் முதல் பத்துக்குள் இருந்து, கொஞ்சத்தில் தவறியவர்கள்தான் இப்படி உடைந்துபோகிறார்கள்.

வயல்வெளி அண்ணை, உங்கள் அக்கறை விளங்குகிறது. ஆனால் அடி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாடசாலையில் அடிப்பது கல்வி அமைச்சின் சுற்றறிக்கைப்படியே தடை. அதை விடுங்கள், இந்தப் பிள்ளை பயம் இல்லாததால் படிப்பை விடவில்லை. "எனக்கு மூளை இல்லை" என்கிறான். அடித்தால் அந்த முடிவு இன்னும் இறுகும்.

அக்கா, பிள்ளை நல்ல புள்ளி எடுத்த நாட்களில் வீட்டில் என்ன சொல்லிப் பாராட்டினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாக "என்ர பிள்ளை கெட்டிக்காரன்", "நல்ல மூளை" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 1998 இல் அமெரிக்காவில் கிளோடியா மியூலர், கரோல் ட்வெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வைப் பயிற்சி ஒன்றில் சொல்லித்தந்தார்கள். எங்கள் புலமைப்பரிசில் வயதுதான். எல்லாருக்கும் சில புதிர்களைக் கொடுத்து, செய்து முடித்ததும் சில பிள்ளைகளிடம் "நீ கெட்டிக்காரன்" என்றும், சில பிள்ளைகளிடம் "நல்லாய் முயற்சி செய்திருக்கிறாய்" என்றும் சொன்னார்களாம். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தபோது எல்லாரும் தடுமாறினார்கள். அதற்குப் பிறகு மறுபடி இலகுவானதைக் கொடுத்தால், கெட்டிக்காரன் என்று கேட்ட பிள்ளைகள் முதல் தடவையை விடக் குறைவாகச் செய்தார்கள். முயற்சியைப் பாராட்டக் கேட்டவர்கள் முதல் தடவையை விடக் கூடச் செய்தார்கள். அதைக் கேட்ட அன்று எனக்கு நித்திரை வரவில்லை. எத்தனை பிள்ளைகளுக்கு நான் "கெட்டிக்காரன்" பட்டம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்! கெட்டிக்காரன் என்று பேர் எடுத்த பிள்ளைக்கு ஒரு தோல்வி வந்தால், அந்தப் பேரே பொய் என்று நினைத்துக்கொள்ளும்.

அதனால் இனிமேல் செய்ததைப் பார்த்துச் சொல்லுங்கள். "இந்தக் கணக்கை மூன்று தரம் அழித்து எழுதியிருக்கிறாய், கடைசியில் பிடித்துவிட்டாய்" என்று. அதைச் சொல்வதற்குப் படிப்புத் தேவையில்லை, கொப்பியைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். அவனுடைய கணக்குக் கொப்பியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இன்றிரவு எடுத்துப் பாருங்கள். பிழை கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள், அவன் என்ன செய்திருக்கிறான் என்று பாருங்கள்.


நகர்ப் பொடியன்
திங்கள், இரவு 8.05

"ஒரு வாசல்தானே" என்று அண்ணை எழுதியதற்காகத்தான் வந்தேன்.

2009 ஆகஸ்டில் நான் புலமைப்பரிசில் எழுதினேன், யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில். அதற்கு முன் ஐந்து மாதம் பள்ளிக்கூடமே இல்லை, ஓட்டம்தான். முகாமில் மரத்துக்குக் கீழே வகுப்பு, மழை வந்தால் வகுப்பு இல்லை. எழுதினேன், சித்தியடையவில்லை. வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் போகவில்லை. பிறகு மீள்குடியேறி, கூரைத்தகடு போட்ட கொட்டிலில் ஆறாம் ஆண்டு தொடங்கி, அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம்வரை படித்து, கிளிநொச்சிக்குக் கிட்ட இருக்கிற அறிவியல் நகரில் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப பீடம் முடித்து இப்போது கிளிநொச்சியில் வேலை செய்கிறேன். என் விண்ணப்பத்தில் ஐந்தாம் ஆண்டுப் புள்ளியை எந்த இடத்திலும் யாரும் கேட்கவில்லை.

அண்ணை, விவரம் தெரிந்து வைத்திருங்கள். பெரும்பாலான கற்கைநெறிகளுக்குப் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்ட அடிப்படையில் போகிறது. மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலுமே அதற்குள் வருகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. எல்லாம் ஏ9 வீதியால் பஸ் பிடித்துப் போய்வரக்கூடிய தூரம். புலமைப்பரிசில் ஒரு வாசல், உண்மை. 1940களில் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா காலத்தில் வசதியில்லாத கிராமத்துப் பிள்ளையை மத்திய கல்லூரிக்கு அனுப்புவதற்காகக் கொண்டுவந்ததுதான். அதில் தவறிய பிள்ளைக்கு மற்ற வாசல்கள் பூட்டப்படுவதில்லை.

சரி, அக்கா கேட்டது அது இல்லை. பாடம் சொல்லிக்கொடுக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி. என் அம்மா நாலாம் வகுப்பு. ஐயா அந்த வருடம் இல்லாமல் போய்விட்டார். அம்மா பகல் முழுக்கக் கச்சான் தோட்டத்தில் கூலி வேலை. இரவு அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து "இண்டைக்கு என்ன சொல்லித்தந்தவை? எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லு பாப்பம்" என்று கேட்பார். நான் சொல்வேன். நடுவில் "பொறு, அது ஏன் அப்பிடி?" என்பார். எனக்குத் தெரியாது. அடுத்த நாள் சேரிடம் கேட்டு வந்து சொல்வேன். ஒளித்தொகுப்பு, எட்டாம் ஆண்டு விஞ்ஞானம், அதை அம்மாவுக்கு மூன்று இரவு சொன்னேன். மூன்றாம் நாள் அம்மா "அப்ப எங்கட நெல்லு வெய்யிலைத்தான் சாப்பிடுதோ" என்று கேட்டார். அந்தப் பாடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அம்மா என்னைச் சோதிக்கக் கேட்கவில்லை. அவவுக்கு உண்மையிலேயே அறிய விருப்பம். அது எனக்கு விளங்கியது. சோதனை மாதிரி இருந்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.


செவ்வந்தி
திங்கள், இரவு 9.30

தம்பி எழுதியதை வாசித்து அழுதுவிட்டேன். நான் விசுவமடு. தனியே மூன்று பிள்ளைகளை வளர்க்கிறேன். காலையில் ஆறரைக்கு வேலைக்குப் போனால் பின்னேரம் ஐந்தரைக்குத்தான் வீடு. அம்மம்மாதான் பிள்ளைகளோடு. எல்லாரும் "பிள்ளையோடு நேரம் செலவழியுங்கள்" என்கிறார்கள். நேரம் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

என்னால் முடிந்தது இரண்டே விஷயம்தான், அதை எழுதுகிறேன். ஒன்று, என்ன வந்தாலும் பள்ளிக்கூடம் மறிக்க மாட்டேன். அறுவடை என்றாலும், செத்தவீடு என்றாலும், சின்னவனுக்குக் காய்ச்சல் என்றாலும். மூத்த மகளைச் சின்னவனோடு வீட்டில் நில் என்று ஒரு நாள் மறித்தால் அது பத்து நாளாகும் என்று எனக்குத் தெரியும், என்னை அப்படித்தான் மறித்தார்கள். அவள் ஒன்பதாம் ஆண்டு வந்தபோது உறவுக்காரர் ஒருவர் வந்து, கார்மென்ற்ஸில் ஆள் எடுக்கிறார்கள், பெட்டையை அனுப்பு என்றார். கட்டாயக் கல்வி வயது 14 ஆக இருந்ததை 2016 இல் 16 ஆக உயர்த்தியிருக்கிறார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். சட்டம் தெரிந்திருந்தது கைகொடுத்தது, இல்லையென்றால் சொந்தக்காரரோடு சண்டைதான்.

இரண்டாவது, இரவு ஏழு முதல் எட்டு வரை வீட்டில் ரீவியும் இல்லை, போனும் இல்லை. எனக்கும்தான். அவர்கள் பாயில் இருந்து படிக்க, நான் பக்கத்தில் அரிசி புடைப்பேன், இல்லையென்றால் கிழிந்த உடுப்புத் தைப்பேன். ஒன்றும் பேச மாட்டேன். முதல் கிழமை சின்னவன் பத்துத் தரம் எழும்பினான். இப்போது நான் பிந்தி வந்தால் அவனே "அம்மா ஏழு மணி" என்கிறான்.

வாட்ஸ்அப் குழுவில் வீட்டுவேலை அனுப்புகிறார்களே, அதற்காகப் போன் வேண்டும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். நான் அதைக் கொப்பியில் எழுதி எடுத்துவிட்டுப் போனைத் தட்டில் வைக்கச் சொல்லிவிட்டேன்.


ரொறன்ரோ அண்ணை
செவ்வாய், காலை 6.50

அந்த சைக்கிள் கதை என்னை உறுத்துகிறது. நான் உங்கள் பிள்ளையின் பெரியப்பா இல்லைத் தங்கச்சி, ஆனால் அதே பிழையை நானும் செய்தேன். மல்லாவியில் இருக்கிற என் தங்கையின் மகளுக்கு, சாதாரண தரத்தில் ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுத்தால் லப்டொப் என்று சொன்னேன். அவள் ஐந்து ஏ, மூன்று பி, கணிதம் சி. மல்லாவியில் இருந்துகொண்டு எடுத்த முடிவு அது! நான் போனில் கேட்ட முதல் கேள்வி "கணக்கில என்ன நடந்தது?" அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் என்னோடு பேசவில்லை. பேசச் சொல்லிப் போனைக் கொடுத்தால் "ம்" என்பாள்.

தூரத்தில் இருக்கிற நாங்கள் பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் பிள்ளைக்கு அது எப்படிப் போய்ச் சேருகிறது என்றால், படிப்பு பெரியப்பாவுக்காகச் செய்கிற வேலை, முடிந்தால் கூலி, முடியாவிட்டால் கூலி இல்லை. அவளுக்குப் படம் கீறுவதில் விருப்பம் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும்.

சைக்கிள் 3 கிலோமீற்றர் நடக்கிற பிள்ளைக்குத் தேவை. அதைப் பரிசாக வைத்தது பிழை. பெரியப்பாவிடம் நேரே சொல்லுங்கள், அல்லது இந்த இழையை அவருக்கு அனுப்புங்கள். கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். நான் கோபித்திருக்க மாட்டேன், யாரும் எனக்குச் சொல்லவில்லை.


முத்தையன்கட்டு அம்மா
செவ்வாய், இரவு 10.10

எல்லாருக்கும் நன்றி. ரீச்சர் சொன்ன மாதிரி கணக்குக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அவன் நித்திரையான பிறகுதான் எடுத்தேன், அது சரியோ தெரியவில்லை.

பக்கம் பக்கமாகச் சிவப்புப் பிழை. "கவனயீனம்" என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறது. ஒரு இடத்தில் அழித்து அழித்து ஒற்றை கிழிந்து, கிழிந்த இடத்துக்கு மேல் சோற்றால் ஒட்டி அதன்மேல் திரும்ப எழுதியிருக்கிறான். அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். முயற்சி இல்லாத பிள்ளை சோறு வைத்து ஒட்டுவானா?

எனக்குக் கணக்குத் தெரியாது, ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். புத்தகத்தில் இருக்கிற பயிற்சியை அவன் செய்தால் அநேகமாகச் சரி. பலகையில் எழுதிப்போட்ட கணக்குத்தான் பிழை. ஒன்றில் 368 ஐ 7 ஆல் பெருக்கச் சொல்லியிருக்க வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கொப்பியில் அப்படித்தான் இருக்கிறது. இவன் 363 ஐ 7 ஆல் பெருக்கி 2541 என்று எழுதியிருக்கிறான். இவர் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தார். 363 ஐப் பெருக்கினால் 2541 தான் வருகிறது.


ஆரம்பப்பிரிவு ரீச்சர்
செவ்வாய், இரவு 10.25

அக்கா, பிள்ளையின் கண்ணைக் காட்டினீர்களா? வகுப்பில் எந்த வரிசையில் இருக்கிறான்? நாலாம் ஆண்டில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். 1, 4, 7, 10 ஆம் ஆண்டுகளில் செய்வார்கள். அதில் கண்ணும் பார்ப்பார்கள்.

நாளைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் முற்றத்தில் நிற்க வைத்து, ஒரு கண்ணைக் கையால் பொத்தச் சொல்லி, தூரத்தில் கலண்டரில் இருக்கிற திகதியை வாசிக்கச் சொல்லுங்கள். மற்றக் கண்ணுக்கும் அப்படியே. அது வைத்தியம் இல்லை, ஆனால் ஒரு பெரிய குறை இருந்தால் தெரிந்துவிடும். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.


முத்தையன்கட்டு அம்மா
புதன், காலை 7.15

நாலாம் ஆண்டில் பரிசோதனை நடந்த நாள் அவனுக்கு அம்மாள் வருத்தம், வீட்டில் கிடந்தான். பிறகு யாரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

முற்றத்தில் நிற்க வைத்தேன். வலது கண்ணால் வாசித்தான். இடது கண்ணால் கலண்டர் எங்கே என்று கேட்டான்.


வயல்வெளி
புதன், இரவு 8.40

தங்கச்சி, முதலில் எழுதியது என் மனதில் குத்திக்கொண்டே இருக்கிறது. செல்லம் கொடுத்தீர்கள் என்று எழுதிவிட்டேன். பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள். ஒழுங்கு வேண்டும், நேரத்துக்கு மேசையில் இருக்க வேண்டும் என்பதில் நான் இன்னும் மாறவில்லை.

செவ்வந்தி எழுதியதைப் பார்த்துவிட்டு என் நடுவிலானின் தேர்ச்சி அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். புள்ளியைத்தான் எப்போதும் பார்ப்பேன், கையெழுத்துப் போடுவேன். வரவு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை இதுவரை வாசித்ததில்லை. போன தவணை 19 நாள் வரவில்லை என்று கிடக்கிறது. அந்த 19 நாளும் எங்கே நின்றான் என்று எனக்குத் தெரியும். பெரும்போக நெல் வெட்டுக்கு மெசின் வந்தபோது சாக்குப் பிடிக்க நான்தான் மறித்தேன். யானைக் காவலுக்கு இரவில் கொண்டுபோய், விடியப் படுத்திருக்கட்டும் என்று விட்டதும் நான்தான். பிறகு கணக்கில் 31 எடுத்தான் என்று அடித்திருக்கிறேன்.

அடுத்த வெட்டுக்கு ஒரு ஆளைக் கூலிக்குப் பிடிக்கப் போகிறேன். யானைக் காவலுக்கு அவன் இனி இல்லை.


ஆரம்பப்பிரிவு ரீச்சர்
புதன், இரவு 9.00

அண்ணை, அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு இரவில் 9 மணித்தியாலமாவது நித்திரை வேண்டும். காவலை விட்டதே பெரிய காரியம். விடுபட்ட பாடங்களை எங்கே இருந்து பிடிப்பது என்று வகுப்பாசிரியரிடம் போய்க் கேளுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு மட்டும்தான் வரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சேறு காலோடு வந்தாலும் பரவாயில்லை, வாசலில் நின்று "என்ர பிள்ளைக்கு எந்தப் பாடம் விடுபட்டிருக்கு ரீச்சர்" என்று ஒரு தகப்பன் கேட்டால் நாங்கள் அந்தப் பிள்ளையை வேறு கண்ணால் பார்ப்போம். இதை மனதாரச் சொல்கிறேன்.


முத்தையன்கட்டு அம்மா
மூன்று கிழமைக்குப் பிறகு, சனி, இரவு 8.30

பதில் எழுதிய எல்லாருக்கும் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று வந்தேன்.

கண் கிளினிக்கில் இரண்டு கண்ணுக்கும் கண்ணாடி எழுதித் தந்தார்கள், இடது கண்ணுக்குத்தான் குறை கூடுதல். நீண்ட நாளாக இருந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். வகுப்பாசிரியரிடம் இவர்தான் போனார், வேலை உடுப்போடு. முன் வரிசையில் மாற்றி இருத்தியிருக்கிறார்கள். கண்ணாடி போட்ட முதல் நாள் வீட்டுக்கு வந்து, வேப்பமரத்தில் இலை தனித்தனியாகத் தெரிகிறது என்று தங்கைக்குக் காட்டிக்கொண்டு நின்றான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தவணைப் பரீட்சை இன்னும் வரவில்லை. "மூளை இல்லை" என்கிற கதை இன்னும் இடைக்கிடை வருகிறது. நான் அந்த ஒட்டின ஒற்றையைக் காட்டி, இதை யார் ஒட்டினது என்று மட்டும் கேட்பேன். பேசாமல் சிரிப்பான்.

சைக்கிள் வந்துவிட்டது. பெரியப்பா போன் எடுத்து அவனிடமே சொன்னார், "இது பரிசில்லையடா, நீ பள்ளிக்கூடம் போக" என்று. சந்தியால்தான் போகிறான்.

ஏழு மணிக்குப் பாயைப் போடுகிறோம், செவ்வந்தி அக்கா. இவர் பக்கத்தில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி செதுக்குகிறார். நேற்று மகன் தசமம் சொல்லித் தந்தான். தசமத்தின் கடைசியில் பூச்சியம் போட்டால் ஏன் பெறுமதி மாறாது என்று நான் கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை சேரிடம் கேட்டு வருகிறேன் என்று கையில் பேனையால் எழுதி வைத்திருக்கிறான். குளித்தால் அழிந்துவிடும் என்று இன்று குளிக்கவும் மறுக்கிறான்.